பூட்டிய பூங்காவுக்கு ஒரு பாராட்டு மனு

பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: இயற்கையிடமிருந்து பொதுமக்களைக் காப்பாற்றி வருவதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வார்டுப் பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நான்கு மணிக்குத் திறக்கிறீர்களே, அதைப் பாராட்டி இதுவரை ஒருவரும் மனு கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

வெயில் ஏறும் நேரத்தில்தான் நிழலுக்கு மதிப்பு. அந்த நேரத்தில் ஆட்களை உள்ளே விட்டால் என்ன ஆகும்? உட்காருவார்கள். விட்டால் கண்ணயர்ந்தும் விடுவார்கள். அதனால்தான் இளநீர் வண்டிக்காரரும், சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரி பையன்களும், தங்கள் நகராட்சியின் தூய்மைப் பணியாளர்களுமே கூட, தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவரோரத்து ஒரு முழ நிழலில் வரிசையாக ஒண்டியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் புங்கையும் வேம்பும் யாருக்கும் பயன்படாமல் பத்திரமாக இருக்கின்றன.

அதிகாலையில் வருகிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். டாக்டர் சொல்லி வருகிறவர்கள். கையை வீசி எட்டுப் போட்டுவிட்டு, சர்க்கரை அளவை ஒருவருக்கொருவர் விசாரித்துவிட்டு, மரத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் காபிக்குப் போய்விடுவார்கள்.

யாராவது ஆராய்ச்சி, கீராய்ச்சி என்று தங்கள் மேசைக்கு வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. வேறு 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இதைக் காட்டி யாரேனும் கேட்டைத் திறக்கச் சொன்னால் தாங்கள் அசரக் கூடாது. அவர்கள் ஜன்னல் வழியாகத்தானே பார்த்தார்கள்? நாங்களும் கேட் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

2019இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வு இன்னும் விவகாரமானது. ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களைப் பார்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம் செடி உள்ள இடங்களில் கழித்தவர்கள், ‘உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது மற்றவர்களைவிட அதிகமாம். ஒரே மூச்சில் இருந்தாலும் சரி, துண்டு துண்டாக இருந்தாலும் சரி. சற்றே கணக்குப் போடுங்கள் ஐயா. எதிரே அடுக்குமாடி கட்டும் இடத்தில் வேலை செய்யும் சித்தாள் பெண், சாப்பாட்டு நேரத்தில் அரை மணி புங்கைமரத்தடியில் உட்கார்ந்தால், ஆறு நாளில் 180 நிமிடம். இங்கிலாந்துக்காரன் சொன்னதைவிட ஒரு மணி நேரம் கூடுதல்! ஒரு பூட்டைப் போட்டு அல்லவா இதைத் தடுத்திருக்கிறீர்கள்.

மேம்பாட்டுப் பணிகளையும் சொல்லாமல் விட முடியாது. அடிமரத்தை நெரித்தபடி டைல்ஸ் பதித்தாகிவிட்டது. மழைத்தண்ணீர் வேருக்குப் போகிற வழியே இல்லை. புல் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் புல். அது வெயிலில் கொதிப்பதால், ‘புல்தரையில் நடக்காதீர்’ என்ற பலகை இனித் தேவையில்லை. அதைக் கழற்றினால் செலவு மிச்சம். இருட்டியதும் இலைகளை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரத்தின் உடம்பெல்லாம் சீரியல் பல்பு சுற்றியிருக்கிறீர்கள். அரசுச் சொத்து வேலை நேரத்தில் தூங்கலாமா? நடுவில், நம்மூர் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி. பூங்காவில் இயற்கையைப் பற்றிய உண்மையான முகபாவம் அது ஒன்றுக்குத்தான்.

ஒரே ஒரு குறையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வடக்குப் பக்க வேம்பின் கிளை ஒன்று சுவர் தாண்டி ரோட்டின் மேல் நீண்டிருக்கிறது. அதன் கீழே செருப்புத் தைக்கும் பெரியவர் கடை போட்டிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களும் அங்கேதான் நிற்கிறார்கள். அனுமதியும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. கம்பியில் உரசுகிறது என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும், ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
கேட்டுக்கு வெளியே நிற்கும் வரி செலுத்துபவன்

நகல்: பூங்காக் காவலர் அவர்களுக்கு (உள்ளே, புங்கைமரத்தடியில். எழுந்த பிறகு கொடுக்கவும்.)