மாட்டுங்கா ரம்மியும் மாண்டவி போக்கரும்: முதல் தொகை குறித்த ஓர் ஆய்வு

திருவள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கினார். வரிசையில் அது 94ஆவது. இருந்தும், மேசையில் உட்காரும்போது எத்தனை ரூபாய்க்குச் சிப் வாங்குவது என்ற அடிப்படைக் கேள்வியை அவர் தொடவே இல்லை. போகவே கூடாது என்பது அவர் கட்சி. மீறிப் போகிறவனுக்கு வழி சொல்ல ஆளில்லாததால் இக்கட்டுரை தேவைப்படுகிறது.

ஆய்வுக் களம் மாட்டுங்கா, செம்பூர், தாராவி. எடுத்த எடுப்பில் ஒரு சிக்கல்: மும்பையில் காசினோ கிடையாது. காசினோக்களைக் கட்டுப்படுத்தவும் வரி போடவும் மகாராஷ்டிரம் 1976இல் ஒரு சட்டம் இயற்றியது; அமலுக்கே கொண்டுவராமல் வைத்திருந்து 2023இல் ரத்து செய்தது. ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் ஓய்வு பெற்ற சட்டம் அது. ஆகவே நம் ஆய்வுக்குரியோர் இரவில் தாதரில் கொங்கண் கன்யா ரயில் ஏறி, காலையில் கோவாவின் கர்மாலியில் இறங்கி, பணஜியில் படகு பிடித்து, மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலுக்குப் போகிறார்கள். இவ்வளவு சிரமப்படுகிறவர்கள் தொகையை மட்டும் யோசிக்காமல் எடுத்துப்போவார்கள் என்று நம்ப முடியவில்லை.

இவர்கள் வளர்ந்த விதத்தை முதலில் பார்க்க வேண்டும். மாட்டுங்காத் தமிழரின் சீட்டுக் கல்வி முழுவதும் ரம்மிதான். தீபாவளி இரவு, கல்யாணச் சத்திரத்தின் மாடி, பாயிண்டுக்கு ஒரு ரூபாய். முதலிலேயே கவிழ்த்தால் 20, நடுவில் கவிழ்த்தால் 40, முழுக் கையும் விழுந்தால் 80. அதற்கு மேல் தெய்வமே நினைத்தாலும் அந்த ஆட்டத்தில் ஏறாது. 1968இல் உச்ச நீதிமன்றமும் ரம்மியைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லி, மூன்று சீட்டை வெறும் அதிர்ஷ்டத்தின் பக்கம் தள்ளியது. அதிலிருந்து நம்மவர்களுக்கு ரம்மி ஏறக்குறைய ஒரு படிப்பு. தோல்விக்கு விதியே உச்சவரம்பு போட்டுக் கொடுத்த ஆட்டத்தில் ஊறியவன், வரம்பைத் தானே போட வேண்டிய மேசைக்கு வரும்போது திகைக்கிறான். போக்கரில் அந்த 80ஐ நீங்களே முடிவு செய்து, சிப்பாக அடுக்கி, எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதி இதுதான்: கை நடக்கும்போது பைக்குள் கைவிடக் கூடாது, மேசையில் இருக்கும் பணத்துக்குத்தான் ஆட்டம். அஸ்தினாபுரத்துச் சபையில் இந்த விதி இருந்திருந்தால் நகுலனும் சகதேவனும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்கள்.

இனி கோட்பாடு. 100–200 மேசை என்று வைத்துக்கொள்வோம். பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டிய பந்தயம்) 200. அதைப் போல நூறு மடங்கு, அதாவது 20,000, நிறைவான தொகை. நாற்பது மடங்கு, அதாவது 8,000, குறைவான தொகை. குறைத்து வைத்தால் யோசனை குறைவு: ஓரிரு சுற்றுக்குள் எல்லாவற்றையும் தள்ளு, இல்லையேல் மடக்கு. நிறைய வைத்தால் கடைசிச் சீட்டு திறக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டும்; தவறுக்கு இடம் அதிகம், கெட்டிக்காரனுக்கு லாபமும் அதிகம். ஆகவே மற்றவர்களைவிட நன்றாக ஆடுகிறவன் நிறைய வைக்க வேண்டும், மட்டமாக ஆடுகிறவன் குறைத்து வைக்க வேண்டும்.

இங்கேதான் கோட்பாடு செம்பூர் சேடா நகரில் உடைகிறது. தன் ஆட்டம் மட்டம் என்று ஒப்புக்கொண்ட ஒருவரையும் இவ்வாய்வு சந்திக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் 8,000க்குத்தான் சிப் வாங்குகிறார்கள்.

முரண்பாட்டின் விடை கப்பலில் இல்லை, வீட்டு வாசலில் இருக்கிறது. மாட்டுங்காவில் “எவ்வளவு எடுத்துண்டு போறேள்?” என்றும், தாராவி தொண்ணூறடிச் சாலையில் “எம்புட்டு எடுத்துட்டுப் போறீக?” என்றும் கிளம்பும்போதே கேட்கப்படுகிறது. பதிலாக வரும் தொகையை இக்கட்டுரை ‘சொல்தொகை’ என்று அழைக்கும். வீட்டில் சொல்லி, தோற்றுத் திரும்பியும், மறுநாள் காபி கிடைக்கக்கூடிய மிகப் பெரிய தொகை அது. செம்பூரில் அதற்கு அளவுகோல் ஒரு மாத சொசைட்டி மெயின்டனன்ஸ். தாராவியில் ஒரு சீட்டுத் தவணை. பிளைண்டுகளின் மடங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சொல்தொகையின் நுட்பம் இனிமேல்தான். 8,000 போனதும் நம் ஆள் எழுந்திருப்பதில்லை. லோக்கல் ரயில் கூட்டத்துக்குப் பயந்து பணத்தை நாலு பைகளில் பிரித்து வைத்துப் பழகியவர்; இரண்டாம் பையைத் திறக்கிறார். இன்னொரு 8,000. பிறகு மூன்றாம் பை. ஒரே தடவையில் 20,000 வைக்கத் துணியாதவர் தவணை முறையில் 24,000 வைத்து முடிக்கிறார். பெரிய அடுக்கின் அனுகூலம் ஒரு நிமிஷம்கூட அவருக்குக் கிடைக்காமல், அதன் நஷ்டம் மட்டும் முழுசாகக் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்து, “எட்டாயிரத்துக்குத்தான் உட்கார்ந்தேன்” என்கிறார். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. மூன்று தடவையும் எட்டாயிரத்துக்குத்தான் உட்கார்ந்தார்.

இந்த உளவியலை ஜிஎஸ்டி கவுன்சில் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டது. 1-10-2023 முதல் காசினோவில் சிப் வாங்கக் கொடுக்கும் தொகையின் மேல் 28 சதவீதம் வரி. 22-9-2025 முதல் 40. ஜெயித்த பணத்தை மறுபடி வைத்து ஆடினால் அதற்கு வரி இல்லை. ஆக, இரண்டாம் பையும் மூன்றாம் பையும் திறக்கும்போதெல்லாம் கவுண்டரில் அரசாங்கமும் ஒரு கை வாங்கிக்கொள்கிறது. கப்பலில் கவிழ்க்கவே தேவையில்லாத கை அது ஒன்றுதான்.

மேலாய்வுக்கு ஒரு துறை எஞ்சியிருக்கிறது: ஜெயித்தவர்களின் சொல்தொகை. கர்மாலியிலிருந்து திரும்புகிறவர்கள் தோல்வியைப் போலவே வெற்றியையும் குறைத்துச் சொல்கிறார்கள் என்பதற்கு முதற்கட்டச் சான்றுகள் உண்டு. முழுசாகச் சொன்னால் தீபாவளிக்கு முன்பே ஜோடி வளையலுக்குப் பேச்சு வரும் என்பது அவர்கள் தரும் விளக்கம். இரண்டு வகையினரும் பாதிதான் சொல்கிறார்கள் என்றால், மாட்டுங்காவில் எந்தக் குடும்பத் தலைவிக்கும் இதுநாள்வரை உண்மைக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று முடிவு கட்டலாம். ஆனால் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொடுத்த என் வீட்டம்மா, இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.