டோனட் அப்பா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாணவராக இருந்தவர்களுக்கு வியாழக்கிழமை இரவு எட்டு மணி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சேனலில் பில் காஸ்பி, அழகான ஸ்வெட்டர் போட்ட டாக்டர் அப்பா, பிள்ளைகள் என்ன கேட்டாலும் பதில் வைத்திருப்பவர். இன்னொன்றில், 1990ல் ஃபாக்ஸ் வேண்டுமென்றே அதே நேரத்துக்கு நகர்த்தி மோதவிட்ட ‘தி சிம்ப்சன்ஸ்’: மஞ்சள் தோல், உச்சந்தலையில் இரண்டே முடி, அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளர் வேலை, அந்த நாற்காலியிலேயே தூக்கம் என்று ஹோமர். அப்பா முன்னால் உட்காரவே தயங்கி வளர்ந்த நாங்கள், அடுப்பில் ரசம் கொதிக்க, ஆன்டெனாவை ஒருவன் பிடித்துக்கொள்ள, யோசிக்காமல் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தோம். 1992ல் ஜனாதிபதி புஷ்கூட, அமெரிக்கக் குடும்பங்கள் பெருமந்தக் காலத்து டிவி குடும்பமான வால்டன்ஸ் போல இருக்க வேண்டும், சிம்ப்சன்ஸ் போல அல்ல என்று மேடையில் பேசினார். நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், பொருளாதார மந்தம் தீர வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று சில நாளிலேயே திரையிலிருந்து பதில் சொல்லிவிட்டான் மகன் பார்ட். ஸ்வெட்டர் அப்பாவாக நடித்தவர் பின்னாளில் கோர்ட் செய்திகளில் அடிபட்டதைப் பார்க்கும்போது, எந்த அப்பா நாட்டுக்கு நல்லவர் என்று அன்று கவலைப்பட்டவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

எங்களைப் பிடித்துக்கொண்டது ஹோமரின் முனகல். ‘டோ!’ திரைக்கதையில் ‘எரிச்சலான முனகல்’ என்றுதான் எழுதியிருப்பார்களாம். லாரல்-ஹார்டி படங்களில் வழுக்கைத்தலை ஜேம்ஸ் ஃபின்லேசன் இழுத்து இழுத்து முனகியதை நினைவில் வைத்து அதற்கு உயிர் கொடுத்தார் ஹோமருக்குக் குரல் தந்த டான் காஸ்டலனெட்டா. கார்ட்டூனில் அவ்வளவு நேரம் கிடையாது, சுருக்கு என்றார் படைத்தவர் மாட் கிரேனிங். 2001ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே அதை மனப்பாடம் செய்தவன் நான். பேச்சுப்போட்டி ஆங்கிலத்தோடு போய் இறங்கி, கடைக்காரரிடம் பால் கேட்டாலும் மனு கொடுப்பதுபோல் கேட்ட எனக்கு, அமெரிக்கர்கள் புருவம் சுருக்காமல் புரிந்துகொண்ட முதல் உச்சரிப்பு அதுதான். வெள்ளிக்கிழமை காலை ஆய்வகத்தில் வேண்டுமென்றே பேனாவைக் கீழே தவறவிட்டு ‘டோ!’ என்பேன், எந்த மூலையிலிருந்தாவது ஒரு குரல் எச்சில் ஊற ‘ம்ம்ம்… டோனட்’ என்று இழுக்கும், விசா அதிகாரி தராத குடியுரிமை அந்த ஒரு நிமிஷத்துக்குக் கிடைத்துவிடும். முந்தின இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அரைமணியைப் பார்த்திருந்தார்கள் என்பதுதான் அதன் சூட்சுமம். தவறவிட்டவன் யாராவது பதிவு செய்த டேப்புக்காக அலைய வேண்டும், டேப் கிடைத்தாலும் கடைசி ஐந்து நிமிஷம் இருக்காது.

இப்போது டிஸ்னி வாங்கிவைத்துவிட்டது, எல்லா வருஷமும் வரிசையாகக் கையில் இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. ஹோமர் வந்துகொண்டுதான் இருக்கிறார், வாட்ஸாப்பில், பச்சை வேலிக்குள் பின்பக்கமாக நழுவி மறையும் படமாக. 1994ல் வந்த காட்சி அது. அனுப்புகிறவர்களில் பாதிப்பேருக்கு அது எந்தக் கதை என்று தெரியாது, சத்தமும் கிடையாது. தொண்டையால் பிழைத்த மனிதரை ஊமையாக்கிவிட்டு, முன்னைவிட அதிகமாக அவரை உபயோகிக்கிறோம். என் மகளை அபூர்வமாக ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய கதை ஒன்றைப் போட்டால் அவள் சிரிக்கவில்லை. “அம்மா வேலைக்குப் போகல, இவர் வேலையில தூங்கறார், அப்புறம் எப்படிப்பா ரெண்டு மாடி வீடு, ரெண்டு கார்?” என்றாள். 1997ல் ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற பாத்திரம் இதே கேள்வியைக் கேட்டுப் பைத்தியம் பிடித்துச் செத்தபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்கடன் என்றால் என்னவென்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் அன்று நாங்கள் தங்கியிருந்த அறை முழுக்கக் கொண்டாடிய கதை வேறு. 1993ல் வந்தது. தொழிற்சங்கம் பல் காப்பீட்டை விட்டுக்கொடுத்து ஒரு பீப்பாய் பீருக்குச் சம்மதிக்கிறது. வரிசையில் நிற்கும் ஹோமரின் மண்டைக்குள் ‘டென்டல் பிளான்’, ‘லிசா நீட்ஸ் பிரேசஸ்’ (மகள் லிசாவுக்குப் பல் கம்பி வேண்டும்) என்று இரண்டு குரல்கள் மாறி மாறி ஓடுகின்றன, இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பது அவருக்குப் பிடிபட யுகமாகிறது. பாத்திரம் கழுவுகிறவன் முதல் குரல், துடைக்கிறவன் இரண்டாவது, வாரக்கணக்கில் இதுதான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

என் மகளுக்குப் பல் கம்பி போட்ட வருஷம் மருத்துவர் கொடுத்த மதிப்பீட்டுக் காகிதத்தில் கடைசி வரியைப் பார்த்ததும், எந்த ஒத்திகையும் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து வந்தது ‘டோ!’ மகள் நான்கு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், என் வயதே இருக்கக்கூடிய வரவேற்புப் பெண்மணி, “டென்டல் பிளான்!” என்றார்.

“லிசா நீட்ஸ் பிரேசஸ்,” என்றேன்.

“டென்டல் பிளான்!” என்று மறுபடி சொல்லிவிட்டு, மாதத் தவணைப் படிவத்தை நீட்டினார்.