காலண்டரும் காதும்

கேள்வி: ‘பொஹிமியன் ராப்சடி’ படத்தை விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். ஜனங்கள் மட்டும் ஏன் கொண்டாடினார்கள்?

பதில்: அவர்கள் காலண்டரோடு போனார்கள், இவர்கள் காதோடு போனார்கள்! 1985 ‘லைவ் எய்டு’ கச்சேரிக்கு முன்பே படத்தின் நாயகனான பாடகர் ஃப்ரெடி மெர்குரி தன் எய்ட்ஸ் நோயை இசைக்குழுவினரிடம் சொல்வதாகப் படம் காட்டுகிறது. நிஜத்தில் அதெல்லாம் பிற்பாடுதான். ஆனால் பியானோ மேலிருந்த பெப்சி கோப்பைகள் வரை அந்தக் கச்சேரி நடந்த வெம்ப்ளி மேடையை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினால், யார் தேதி பார்ப்பார்கள்? பாட்டில் பெரும்பகுதி ஃப்ரெடியின் பழைய ஒலிப்பதிவு. ஃப்ரெடியாகப் பொய்ப்பல் மாட்டி வாயசைத்த ராமி மாலெக்குக்கு ஆஸ்கர். போகட்டும், நடிப்பு பிரமாதம். எனக்குப் பொறுக்காதது எடிட்டிங்குக்குக் கொடுத்த ஆஸ்கர்தான். நாலு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசுகிற காட்சியில், இமைப்பதற்குள் முகம் மாறுகிறது. பேசுவது யார் என்று தேடுவதற்குள் பேச்சே முடிந்துவிடுகிறது!