பத்துக் காய் நகத்துன பிறகு

எலே பேராண்டி, செல்போன்ல பாத்து வச்சதப் பத்துக் காய் மளமளன்னு நகத்துன. வீட்டுக்குள்ள செஸ் சாம்பியன் போத்வினிக் மாதிரி ஒருத்தன் வளருதான்னு எனக்கே பயமாப் போச்சு. பதினோராவதுல வந்து, மொய்க்கவர வீட்டுல மறந்துட்டு வந்தவன் கணக்கா முழிக்க. மனப்பாடம் தீந்துருச்சோ?

சரி, எனக்கும் வேற சோலி இல்ல, சொல்லுதேன். மோட்டுவளையப் பாத்துத் திட்டம் தேடாத. சிப்பாயப் பாரு. வரப்பு போற வழியிலதாம்ல தண்ணி பாயும். ராணி காம்பிட் ஆடி, உன் சி சிப்பாயால டி-5ல வெட்டுன. நான் ஈ சிப்பாயால திருப்பி வெட்டுனேன். இதுக்குக் கார்ல்ஸ்பாத் அமைப்புன்னு பேரு. செக் நாட்டுல வெந்நீர் ஊத்து இருக்க ஊரு அது. 1923-ல அங்க நடந்த போட்டியால வந்த பேரு. இப்ப ராணி பக்கம் உனக்கு ஏ, பி ரெண்டு சிப்பாய், எனக்கு மூணு. ரெண்டு பேரு போய் மூணு பேரு வாசல்ல வம்பிழுக்கணும். கோட்டித்தனமா இருக்கா? யானைய பி-1ல வச்சு, பி சிப்பாய பி-4, பி-5ன்னு தள்ளி, சி-6ல வெட்டு. நான் பி-7 சிப்பாயால வெட்டுவேன். அப்புறம் என் சி-6ஐத் தாங்க ஒரு சிப்பாய் கெடையாது. சி ஃபைல்ல யானைய நிறுத்தி என்னயப் பொழுதுக்கும் அழ வைக்கலாம்.

அதுவும் உன் ராஜா பக்கத்துக் குதிரை எஃப்-3ல நின்னாத்தான். ஈ-2ல இருந்தா எஃப்-3 தள்ளி, நடுவுல ஈ-4 ஓட்டணும். 1952-ல கெரஸ்ங்கிற ஆட்டக்காரர போத்வினிக் அப்படித்தாம் மிதிச்சாரு. (நாங்கள்லாம் ரஷ்யப் புத்தகம் படிச்ச ஆளுகலே!) நீ என்னடான்னா ஏ-3, ஹெச்-3ன்னு வேலியோரம் மேயுத.

ஒண்ணுமே தோணலன்னா, சும்மா உக்காந்து திங்கிற காய் எதுன்னு பாரு. அந்தா மூலையில ஒரு யானை, உங்க மாமன் மாதிரி, விருந்துக்கு வந்து ஆறு மாசம் ஆவுது. எழுப்பி வேலைக்கு அனுப்பு.

என்னலே மொறைக்க? என் குதிரை ஈ-4க்கு எப்ப வந்துச்சுன்னா? நீ என் வாயப் பாத்துக்கிட்டே பி சிப்பாயத் தள்ளுனேல்லா, அப்ப. உன் திட்டத்தச் சொல்லுதேன்னுதாம்ல சொன்னேன், என் திட்டத்தையுமா சொல்லுவாக? ராஜாவ அப்புறம் தேடலாம். ஆச்சிட்ட ரெண்டு காப்பி போடச் சொல்லிட்டு வா.