மச்சானைக் கேட்டீர்களா?

வேலையிடத்தை அங்கே வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்தே வடிவமைக்க வேண்டும் என்பது இப்போதைய புது ஞானம். அதற்காக ஒருநாள் பட்டறை நடக்கிறது. ஊழியர்கள் மஞ்சள் சீட்டில் ஆசைகளை எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். பாதிச் சீட்டுகளில் "சன்னல் வேண்டும்". ஆறு மாதம் கழித்துக் கிடைப்பது, கடல் படம் ஒட்டிய தடுப்புச் சுவர்.

தூத்துக்குடிக் கரை இந்த ஞானத்தை மஞ்சள் சீட்டு இல்லாமலே எட்டியிருந்தது. 1961இல் நடந்த கடைசி அரசு முத்துக்குளிப்பு வரை, முத்துப்பாரில் மூழ்குபவரின் அலுவலகம் ஒரு கல், ஒரு கயிறு, சிப்பி அள்ள ஒரு வலைப்பை. அவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இழுக்கிறவர் கொட்டாவி விட்டால் கதை முடிந்தது. ஆகவே, கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். கயிற்றின் மறுமுனையில் இருப்பது அவருடைய உடன்பிறந்தாளின் தாலியல்லவா!

பயன்படுத்துபவர் பங்கேற்பு என்றால் அது. கருத்துக் கேட்பதோடு நிற்காமல், தவறு நேர்ந்தால் யாருக்கு வலிக்குமோ அவரிடம் கயிற்றைக் கொடுப்பது.

இன்றைய வடிவமைப்பு நிபுணர் யாருக்கும் மச்சான் முறை ஆகமாட்டார். எனவே ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: அவர் தேர்ந்தெடுத்த அதே நாற்காலியில், ஏசி பழுதான ஒரு சித்திரை நாளில், தூத்துக்குடியில், எட்டு மணி நேரம் அவரே உட்கார வேண்டும். சன்னல் தானாக வரும்.