எதற்கும் ஒரு வார்த்தை

1950களின் அமெரிக்கா என்றதும் எல்லோரும் செனட்டர் மெக்கார்த்தியைப் பிடித்துக்கொள்வார்கள். 1950 பிப்ரவரியில் வீலிங் என்ற ஊரில் ஒரு தாளைக் காட்டி, வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்டுகள் என்றார் மனிதர். சில நாளில் அது 57 ஆனது, பிறகு 81 ஆனது. கத்தரிக்காய் விலைகூட அப்படி ஏறி இறங்காது. ஆனால் ஒற்றை ஆள் எத்தனை பேரைத்தான் பிடிக்க முடியும்? தெருவுக்குத் தெரு நம் ஆசாமி இருந்ததால் அல்லவா காரியம் நடந்தது!

கெட்டவர் இல்லை. வாரம் தவறாமல் சர்ச், மாதம் தவறாமல் வீட்டுக்கடன் தவணை. கம்யூனிசம் என்றால் என்னவென்று கேட்டால், "படித்தால்தானே தெரியும்? நான் அதையெல்லாம் தொடுகிறதில்லை" என்பார், கொஞ்சம் பெருமையாகவே. காட்டிக்கொடுக்கிறவன் என்று யாராவது சொன்னால் மனம் நொந்துபோவார். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் தபால் இலாகா குமாஸ்தா. நம் ஆசாமி புல் வெட்டுகிற சாக்கில் வேலியோரம் போய், வெட்டிய இடத்தையே மறுபடி மறுபடி வெட்டுவார். கண் மட்டும் ஜன்னலில் இருக்கும். அலமாரி கொள்ளாத புத்தகம். கிராமபோனில் இடதுசாரிப் பாடகர் பால் ராப்சன் பாட்டு. சாயந்திரம் வந்த விருந்தாளிகளில் ஒருவர் கறுப்பர். அவரும் முன்வாசல் வழியாகவே வருகிறார், வீட்டுக்காரர் எழுந்து வந்து கைகுலுக்குகிறார். இதெல்லாம் தற்செயலா?

சிரிக்காதீர்கள், சர்க்காரும் இப்படித்தான் யோசித்தது. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க உத்தரவு போட்டார். டாரதி பெய்லி என்ற ஊழியரைக் கூப்பிட்டு, கறுப்பர் ரத்தத்தையும் வெள்ளையர் ரத்தத்தையும் தனித்தனியே வைப்பதைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினீர்களா என்று கேட்டார்கள். அவர் மீது புகார் சொன்னது யார்? அவருக்குச் சொல்லவில்லை. விசாரித்தவர்களுக்கே தெரியாது! சுப்ரீம் கோர்ட்டில் 1951இல் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்து நிற்க, போன வேலை போனதுதான். மொட்டைக் கடுதாசிக்கு இதைவிட மரியாதை எந்த நாட்டில் கிடைத்திருக்கிறது?

இன்னொரு விஷயம். இதை நம் ஆசாமி மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. யுத்த காலத்தில் ஸ்பெயின் அகதிகளுக்கென்று ஒரு பெண் உண்டியல் குலுக்கியபோது, அவள் சிரித்த சிரிப்புக்காக அரை டாலர் போட்டு, நோட்டில் பெயரும் எழுதிவிட்டார். 1947 கடைசியில் சர்க்கார் வெளியிட்ட ஆகாத சங்கங்களின் பட்டியலில் அந்த அகதி உதவிக் குழுவும் இருந்தது. அந்த நோட்டு இப்போது யார் மேஜையில் இருக்கிறதோ! அன்று முதல் ஊரார் வீட்டு ஜன்னலில் அவருக்கு அக்கறை கூடிவிட்டது.

அவருடைய ஜாக்கிரதை முழுசாக வெளிப்பட்டது 1951 ஜூலை 4 அன்று, மேடிசன் நகரப் பூங்காவில். சுதந்திர தினம். ஊரே கொடியும் கூடையுமாகக் கூடியிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் ஒரு மனுவை நீட்டிக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். அதில் இருந்தது, அந்த நாளைக் கொண்டாடக் காரணமான சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளும், அரசியல் சாசனத் திருத்தங்கள் சிலவுமே. 112 பேரிடம் கேட்டார். கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர். மிச்சமுள்ள 111 பேரில் நம் ஆசாமி இல்லாமல் இருப்பாரா? கையில் கடித்த சாசேஜோடு முதல் பத்தியைப் படித்தார். எல்லா மனிதரும் சமம் என்று இருந்தது. முகம் வெளுத்தது. "இதை எழுதினது யார், ரஷ்யாக்காரனா?" என்று கேட்டுவிட்டு, கடுகு பூசிய விரல் தாளில் பட்டுவிடாமல் திருப்பிக் கொடுத்தார். ரேகை விஷயம் பாருங்கள்.

1953இல் இண்டியானாவின் பாடநூல் குழுவிலிருந்த அம்மையார் ஒருவர், பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கும் ராபின் ஹூட் கதை பள்ளியில் ஆகாது என்று கிளம்பினார். நம் ஆசாமி அன்று ராத்திரியே மகனுடைய ராபின் ஹூட் படப் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிட்டார். பையன் அழுதான். அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகிறதே என்று அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

1954 டிசம்பரில் செனட் சபை 67க்கு 22 என்று வாக்களித்து மெக்கார்த்தியைக் கண்டித்தது. குமாஸ்தா அதற்குள் வேலை போய், வீட்டை விற்று, ஊரைவிட்டே போயிருந்தார். "ரொம்ப நல்ல மனுஷன், யாரோ பாவி எழுதிப் போட்டுவிட்டான்" என்று நம் ஆசாமி உண்மையாகவே வருத்தப்பட்டார். மெக்கார்த்தியைத் தனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது என்றும் சொன்னார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "மூலைக் கடைக்காரர் இருக்கிறாரே, கல்லாவுக்கு மேலே அந்த ஆள் படத்தை மாட்டி வைத்திருந்தார். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை."