பாஸ் ராடும் பழையகாயல் மாமாவும்

வாரும் மருமவனே, வாரும். போன ஞாயித்துக்கெழமை ஒரு பையோடதானே வந்தீரு? இன்னைக்கு ரெண்டு கையிலயும் தொங்குது. பெட்டி குட்டி போட்டிருக்கு போல. அந்தக் கயத்துக் கட்டில்ல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டும். ஒம்ம அத்தை மீன் கொழம்பு கொதிக்க வச்சிருக்கா, எறக்க நேரமாவும். எனக்கும் பொழுது போவணும்லா.

இது என்னது, ராடா? ஏழு அடி இருக்கும் போலுக்கே. மேல என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கு. பாஸா? எந்த பாஸு வே, ஒம்ம ஆபீசு பாஸா? அவரு மூஞ்சிய நெனச்சிக்கிட்டு வீசுனா தூரமாப் போவுமோ? ஓகோ, அமெரிக்காவுல அப்படி ஒரு மீனா. அதுவும் தெரியும். பேத்தி செல்லுல பாத்து எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டிட்டா. நம்ம கொடுவாயையும் வெள்ளைக்காரன் சீ பாஸுன்னுதான் சொல்லுதானாம். பேருதான் ஒண்ணு, ரெண்டுக்கும் பங்காளி மொறை கூட கெடையாது. அது ஏரித்தண்ணி மீனு. இது கடலுக்கும் ஆத்துக்கும் போக்குவரத்து வச்சிருக்கிற மீனு. ஆனா புத்தி ஒரே புத்தி. மறைவுல ஒதுங்கி நிக்கும், குஞ்சு மீனு கிட்டக்க வந்தா லபக்குன்னு உறிஞ்சிரும். அதனால ராடு மேல குத்தஞ் சொல்ல மாட்டேன். தூக்கிட்டு வந்த ஆளைப் பத்தித்தான் பேச்சு.

அவ வாசிச்சதுல ஒரு சேதி எனக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. 1932, ஜூன் 2. அமெரிக்காவுல ஜார்ஜியான்னு ஒரு பக்கம். ஜார்ஜ் பெர்ரின்னு இருவது வயசு விவசாயிப் பையன். மழை பேஞ்சு வயக்காடு சொதசொதன்னு கெடக்கு, ஏரு பூட்ட முடியாது, வா மீனு புடிப்போம்னு கூட்டாளியக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். பழம்பலகையில அடிச்ச படகு. ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒரே ராடு, ஒரே பொய்மீனு. மாத்தி மாத்தி வீசுனானுவளாம். அதுல பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல ஒரு பாஸு மாட்டுச்சு. உலக ரெக்கார்டு வே! வீட்டுக்குக் கொண்டு போய் அறுத்துக் கொழம்பு வச்சிட்டான். ஒரு பத்திரிகைப் போட்டியில 75 டாலருக்குச் சாமான் பரிசாக் கெடச்சிதாம். சாமானே இல்லாதவன் புடிச்ச மீனுக்குச் சாமான் பரிசு, பாத்தீரா கூத்த? எழுவத்தேழு வருசங் கழிச்சி 2009-ல ஜப்பான்ல பீவா ஏரியில ஒருத்தரு அதே எடைக்கு ஒண்ணு புடிச்சாரு. ரெண்டு ரெக்கார்டும் சமம்னு எழுதி வச்சிட்டானுவ. அவரு என்ன போட்டுப் புடிச்சாருங்கீரு? உசுரு மீனு! நீரு இந்தப் பெட்டியில எத்தனை பொய்மீனு வச்சிருக்கீரு? நாப்பத்திரெண்டா? நல்லாருக்கு. மீனு புடிக்கிற தூண்டிலு ரெண்டோ மூணோ இருக்கும், மிச்சமெல்லாம் மனுசனைப் புடிக்கிற தூண்டிலு. கடையில தொங்கும்போதே நீரு மாட்டிக்கிட்டீரு.

சரி, கோவிச்சிக்கிடாதீரும். வாங்குனது வாங்கியாச்சு. ஆனா காசு போவ வேண்டிய எடத்துல போவலியே. இந்த நரம்பைக் காட்டும். பின்னல் நரம்பு, சரி, நல்லா இழுக்கும். நேரா ரீலுல சுத்தியிருக்கீரா, அடியில தங்கூசி போட்டுச் சுத்துனீரா? நேராவா! அதான் அன்னைக்கு மீனு இழுக்கையில நரம்பு முழுசும் ரீலு மேல வழுக்கிச் சுத்துச்சு, நீரு மீனு பெருசுன்னு கூத்தாடுனீரு. அடியில பத்து சுத்து தங்கூசி இருந்தாப் பின்னலு புடிச்சிக்கிடும். முன்னால கெட்டுற லீடர் நரம்பு தடிமனா இருக்கணும். கொடுவாய்க்குப் பல்லு பெருசா கெடையாது, ஆனா செவுள் மூடியோட ஓரம் இருக்கே, சவரக்கத்தி. ஒரு திருப்பு திருப்புச்சுன்னா மெல்லிசு நரம்பு போன எடம் தெரியாது.

முடிச்சு எங்க, போட்டுக் காட்டும். நில்லும், நில்லும், காஞ்சாப்புல இறுக்காதீரும். எச்சி தொட்டு நனைச்சி, மெதுவா இழும். காஞ்ச நரம்பு தனக்குத்தானே உரசிச் சூடேறி அங்கனயே நொந்து போவும். அப்புறம் மீனு போனதுக்கு நரம்புக் கம்பெனிக்காரனை வைவீரு. எச்சிக்கு என்ன வெலை? அதை மட்டும் எந்தக் கடையிலயும் விக்க மாட்டான், அதான் ஒமக்குத் தெரியல.

முள்ளை எடுத்துக் கட்டவெரல் நகத்துல வச்சி லேசா இழுத்துப் பாரும். வழுக்கிக்கிட்டுப் போவுதுலா? மொட்டை. நகத்துல குத்தி நிக்கணும், அதுதான் முள்ளு. புது முள்ளா இது? ஓ, போன வாரம் நனைஞ்சாப்புலயே பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டீரோ. ஒண்ணு நனைஞ்சு போனா போதும், கல்யாண வீட்டுல அம்மை போட்டவன் நொழைஞ்ச மாதிரி, பெட்டி முழுக்கத் துரு. ரப்பரு மீனையும் கெட்டி பிளாஸ்டிக் மீனையும் ஒரே அறையில வேற அடைச்சி வச்சிருக்கீரு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கிடாது, வெயில்ல உருகி ஒட்டிக்கிடும். பாரும், திருநவேலி அல்வா மாதிரி ஆயிருக்கு. தொடாதீரும், கையில புடிச்சிக்கிடும்.

நான் உப்பளத்துல முப்பது வருசம் உப்பு வாருனவன். மம்பட்டித் தகடு பொரிப்பொரியா உதுந்து கைப்பிடி மட்டும் மிஞ்சுறதைப் பாத்தவன். உப்பு ஒரு சாமானைத் திங்கணும்னா தண்ணி கூட வேண்டாம், காத்துல இருக்கிற ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கிட்டுத் திங்கும். நீரு மெட்ராஸு பஸ்ஸுல தூங்கிக்கிட்டுப் போறீரு, அது ஒம்ம பைக்குள்ள உக்காந்து விடிய விடியத் தின்னுக்கிட்டுப் போவுது.

கழுவுறேன்னு சொல்லுதீரு, எப்படிக் கழுவுதீரு? காரு கழுவுற பைப்பை வச்சி சர்ருன்னு பீச்சி அடிக்கீரா? அடியும், நல்லா அடியும், எனக்கும் அதான் நல்லது. ஏன்னா? சும்மா சொன்னேன். பீச்சி அடிச்சா உப்பை உள்ள தள்ளிவிட்ட கணக்கு. ரீலோட டிராக்கை இறுக்கித் திருகிட்டு நல்ல தண்ணியில மெதுவா ஊத்தும், துணியில தொடையும், நெழல்ல காயப்போடும். காஞ்ச பொறவு டிராக்கைத் தளத்தி வையும். இறுக்குனாப்புலயே வச்சா உள்ள இருக்கிற வளையம் அமுங்கிச் சப்பட்டையாயிரும். ராடுல நரம்பு ஓடுற வளையத்துக்குள்ள ஒரு துண்டு பஞ்சை விட்டுச் சுத்தும். இழை எங்கன மாட்டுதோ அங்கன கீறலு. கண்ணுக்குத் தெரியாது, நரம்பை மட்டும் அறுத்துப் போடும். இந்தா, மூணாவது வளையத்துல மாட்டிக்கிச்சி பாரும்.

போட்டுக் கதைய நான் கேக்கலை, ஊரே சிரிக்குது. புன்னைக்காயல் பக்கம் நங்கூரம் போட்டீராமே. பத்தடித் தண்ணிக்கு எம்புட்டுக் கயிறு விட்டீரு? பன்னெண்டு அடியா! கொடி கெட்டுற கயிறா! நங்கூரம் கெணத்து வாளி மாதிரி தொங்கியிருக்கும், தரையில எப்படிக் கவ்வும்? பத்தடிக்கு அம்பது, எழுவது அடி விடணும். படுத்து இழுத்தாத்தான் அது கவ்வும். நீரு பாட்டுக்குத் தண்ணி வத்துற நேரத்துல கடலைப் பாத்து ஊர்கோலம் போயிருக்கீரு. வள்ளத்துக்காரன் ஒருத்தன் கயிறு வீசி இழுத்துட்டு வந்தானாம். மெதக்குற சட்டை? கவரு பிரிக்காம அடியில கெடந்துச்சா? அழுக்காயிருமேன்னு வச்சிருந்தீரோ?

போட்டோட இஞ்சினைக் காட்டும். சிரிக்காதீரும், இந்த எடத்துல நான் வெளையாடல. ஓடும்போது பக்கத்துல பொடிப் பைப்புல தண்ணி பீச்சுதா? சின்னப்பய மூத்திரம் பெய்யுற மாதிரி நிக்காம வரணும். நின்னு போச்சுன்னா உள்ள சூடு ஏறுது, ஒடனே நிறுத்திரணும். கரைக்கு வந்ததும் ட்ரம்முல நல்ல தண்ணி நெரப்பி, விசிறியை முக்கி, பத்து நிமிசம் ஓட விடணும். இந்தக் கட்டியைப் பாத்தீரா, துத்தநாகம். இது அரிச்சுப் போவணும்னே வச்சிருக்கது. உப்புத்தண்ணி இதைத் தின்னுட்டு இஞ்சினை விட்டுரும். வீட்டுக்கு மூத்தவன் தேஞ்சு தேஞ்சு எளையதுகளைக் கரையேத்துவான்லா, அந்த மாதிரி. நீரு அழகா நீலப் பெயிண்டு அடிச்சி மூடிட்டீரு! சொரண்டும் மொதல்ல.

விசிறிக்குப் பின்னால பாரும். கத்தை கத்தையா நரம்பு சுத்திக் கெடக்கு. ஒம்ம நரம்புதான், வே. அது உள்ள போயி ஆயில் சீலை அறுக்கும். சந்தேகம்னா அடியில இருக்கிற திருகைக் கழத்தி ரெண்டு சொட்டு கியர் ஆயிலு விடும். ம்... பாத்தீரா நெறத்த? ஒம்ம அத்தை போடுற பால்காப்பி. தண்ணி உள்ள போயாச்சு. சீலு மாத்தாம எறக்குனீருன்னா அடுத்த தடவை அந்த வள்ளத்துக்காரனும் வரமாட்டான்.

பெரிய கொடுவா மாட்டிச்சுன்னா என்ன செய்வீரு? போட்டோ புடிப்பீரு. புடிச்சிட்டு விட்டுரும். ஆணாப் பொறந்து, பெருத்த பொறவு பொட்டையா மாறுற சாதி அது. பெருசெல்லாம் சினைக்காரிதான். ரெண்டு கிலோ, மூணு கிலோன்னா இங்கன கொண்டாரும், அதுல தப்பில்ல.

போன மாசம் வச்சிருந்த நீல ரீலு எங்க? சுத்துனா கரகரங்குதா. கடைக்காரன் புதுசு வாங்குங்கானா? வாங்கும், வாங்கும், அவனும் பொழைக்கணும்லா. பழசைத் தூக்கிக்கிட்டு அலையாதீரும், இந்தத் திண்ணையில வச்சிட்டுப் போரும். நான் பத்திரமா... ஏ, ஏ, அந்த ஓலைப்பெட்டியைத் தொறக்காதீரும்! அது ஒம்ம அத்தையோட பெட்டி.

சரி, பாத்துட்டீரு. மூணும் ஒம்ம ரீலுதான். போன வருசம் நீரு தூரப் போட்டது. கழத்தி, மண்ணெண்ணெயில ஒரு ராத்திரி போட்டு, பழைய பல்லு பிரஷால தேச்சு, ஒரு சொட்டு எண்ணெ, ஒரு பொட்டு கிரீசு. அம்புட்டுத்தான். இப்ப பூனை நடக்கிற மாதிரி சத்தமில்லாம சுத்துது.

கொழம்பு மணக்குதுலா? கையக் கழுவிட்டு வாரும், நீல ரீலை இங்கன வச்சிட்டு வாரும்.